நடுவில் வைத்த பொத்தான்

ஜூலை 3, 2000, திங்கள்

கம்பெனியில் நான் எழுதும் கம்ப்ளெய்ன்ட் ரிஜிஸ்டரில் இயந்திரங்களின் குறைகளைத்தான் எழுதலாம். மனிதர்களின் குறைகளுக்கு அதில் இடம் கிடையாது. பேரிங் கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து இதில் எழுதுவதாக முடிவு.

காலையில் எம்.டி. கூப்பிட்டார். நொய்யல் கம்ப்யூட்டர்ஸின் எம்.டி. ஜெயபாலோடு எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். ஸ்கூட்டரில் மானிட்டரைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் கோயமுத்தூரில் மில் மில்லாக ஏறி இறங்கியிருக்கிறோம். இன்று கணபதியில் சொந்த ஷெட், இருபத்தாறு பேருக்கு வேலை. நான் சர்வீஸ் மேனேஜர்.

"திருமூர்த்தி, ஒரு மெஷின் வித்தா நமக்கு என்ன நிக்குது, தெரியுமா?"

"ஆயிரம் நிக்குங்களா?"

"அறுநூறு. ரெண்டு தடவ சர்வீசுக்கு வண்டி போச்சுன்னா அதையும் பெட்ரோல் குடிச்சுரும்."

பெரிய கம்பெனிகள் விலையை இறக்கிக்கொண்டே போகிறார்கள். நம்மால் அப்படி இறங்க முடியாது. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். வெளிநாட்டில் கம்ப்யூட்டரை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, ஜனங்கள் அதன் வழியாக இணையத்தில் எதை வாங்கினாலும் கமிஷன் எடுக்கிறார்களாம். பெங்களூரில் இணையக் கடை நடத்தும் ஒரு கம்பெனியோடு பேசி முடித்துவிட்டார். நம் கீபோர்டில் தனியாக ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் டெலிபோன் லைனில் தானாக டயல் ஆகி அவர்கள் கடை திறக்கும். ஒருவர் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தால் நமக்கு ஒரு ரூபாய். ஏதாவது வாங்கினால் நூற்றுக்கு நாலு.

"பொட்டிய விக்கறதுல இனி ஒண்ணுமில்லப்பா. பொட்டிக்குள்ள நடக்கற யாவாரத்துலதான் இருக்குது" என்றார். கண்கள் பளபளவென்று இருந்தன. முதல் மானிட்டரை விற்ற அன்று பார்த்த கண்கள்.

ஜூலை 19, புதன்

பொத்தானை எங்கே வைப்பது என்று அரை நாள் பேச்சு. ஓரத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். மேல் பக்கம், நட்ட நடுவில், வட்டமாக, குங்குமச் சிவப்பில். எம்.டி.க்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பொத்தான் மலிவு ரகம்தான், கீழே ஒரு சின்ன ஸ்பிரிங்.

மோடம் டயல் செய்யும்போது கீச்சென்று கத்துகிறது. வீட்டுப் பெண்கள் பயந்துகொள்வார்கள் என்று அந்தச் சத்தத்தையும் அடைத்துவிட்டேன். இப்போது அது டயல் செய்வது யாருக்கும் தெரியாது. நல்ல வேலை என்று எம்.டி. தட்டிக்கொடுத்தார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

புது மெஷின்கள் சூடாகப் போகின்றன. வெளிச் சந்தையைவிட நாலாயிரம் குறைவு என்றால் போகாமல் என்ன செய்யும்? ஒவ்வொன்றுக்கும் நமக்கு நஷ்டம். பொத்தான் அதை மீட்டுத் தரும் என்று கணக்கு.

சிங்காநல்லூரில் நாச்சம்மாள் என்ற அம்மாவுக்கு நானே போய் மாட்டிக் கொடுத்தேன். கல்யாணத் தகவல் நிலையம் நடத்துகிறார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பீரோ நிறைய ஜாதகம். இனி பொருத்தமெல்லாம் கம்ப்யூட்டரில்தானாம்.

"செகப்பா இருக்குதே, இது எதுக்குங்க தம்பி?"

"அதுல கடை இருக்குதுங்க. அமுத்துனா சேலை, குக்கர் எல்லாம் வாங்கலாம்."

"சேலையத் தொட்டுப் பாக்காம எவொ வாங்குவா?" என்று சிரித்தார். காபி நன்றாக இருந்தது.

செப்டம்பர் 4, திங்கள்

பெங்களூரிலிருந்து முதல் மாதக் கணக்கு வந்துவிட்டது. எட்டிப் பார்த்தவர்கள் நூற்றுத் தொண்ணூறு. வாங்கியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் எம்.டி.யின் மனைவி. இன்னொருவர் நான். வீட்டில் ஏற்கெனவே இரண்டு குக்கர் இருக்கிறது, மூன்றாவது எதற்கு என்று என் மனைவி விசாலம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

டிசம்பரில் பெங்களூர்க்காரர்கள் நேரில் வருகிறார்கள். மாதம் ஐம்பதாயிரம் தடவை எட்டியிருந்தால் ஐயாயிரம் மெஷினுக்கு அவர்களே முன்பணம் தந்து ஆர்டர் போடுவார்கள். எட்டாவிட்டால் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் இந்த ஷெட் பொங்கலைத் தாண்டாது என்று எம்.டி. என்னிடம் மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 21, வியாழன்

ஆயுத பூஜை வருகிறது. வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வாழ்த்து அட்டையோடு ஒரு பொட்டலம் சந்தனத்தூள், ஒரு பொட்டலம் குங்குமம் வைத்து அனுப்புவது என்று முடிவானது. ஜனங்கள் பொத்தானை மறந்துவிட்டார்கள். அதை மங்களகரமாக ஞாபகப்படுத்த வேண்டும். அட்டையில் ஒரு கீபோர்டு படம், அதன் சிவப்புப் பொத்தானில் சந்தனம், மேலே குங்குமம். "உங்கள் கணினிக்கும் ஒரு பொட்டு" என்று கீழே ஒரு வரி.

படம் ஆபீசிலேயே வரைந்தது. நன்றாக வந்திருக்கிறது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். போன் எடுப்பதையும் பேக்கிங்கையும் பார்த்துக்கொள்ளும் நூர்ஜஹான் ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் உறை போட்டாள்.

அக்டோபர் 6, வெள்ளி

ஆயுத பூஜை. ஷெட்டைக் கழுவி விட்டோம். ஸ்குரூ டிரைவர் முதல் டெஸ்டிங் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. பொரி, கடலை, வாசலில் பூசணிக்காய். எம்.டி. சுற்றிப் போட்ட பூசணிக்காய் உடையாமல் தெருவில் உருண்டு எதிர் லேத் பட்டறைக்குள் போய்விட்டது. பட்டறைக்காரர் எடுத்துவந்து கொடுத்தார். இரண்டாம் தரம்தான் உடைந்தது.

அக்டோபர் 11, புதன்

திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் மட்டும் ஐயாயிரத்து அறுநூறு தடவை! பெங்களூரிலிருந்து போன் செய்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்களாம். "கலாச்சாரத்தோட போய் நிக்கணும்னு சொன்னேன்" என்று எம்.டி. சிரிக்கிறார்.

அக்டோபர் 12, வியாழன்

இன்று மூவாயிரத்து நூறு. எல்லோருக்கும் மைசூர்பாகு.

அக்டோபர் 20, வெள்ளி

நூர்ஜஹான் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து காட்டினாள்.

"சார், ஒரே கம்ப்ளெய்ன்டா வருதுங்க. கடை அதுவா தொறந்துக்குதாம். மூடுனா மறுக்காவும் தொறக்குதாம்."

"எத்தனை?"

"நாப்பது இருக்குங்க சார். சொல்லாதவங்க எத்தனை பேரோ."

நம் ஆபீஸ் கீபோர்டுகளில் இந்தப் பிரச்சினை இல்லையே என்று சொன்னேன். "இங்கெல்லாம் பூசை முடிஞ்சதுமே நான் தொடச்சுட்டனே சார்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாளை பார்க்க வேண்டும்.

அக்டோபர் 21, சனி

பார்க்கவில்லை.

நவம்பர் 6, திங்கள்

அக்டோபர் மாதக் கணக்கு: எழுபத்தோராயிரம். வாங்கியவர்கள் இரண்டு பேர்.

இதற்கு மேல் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நம்மூர் ராமநாதபுரத்து டைப்பிங் கடைக்காரர் திருப்பிக் கொடுத்த கீபோர்டைப் பிரித்தேன். சந்தனத்தைக் குழைத்துப் பொத்தானில் அப்பியிருக்கிறார்கள். அது சந்து வழியாக உள்ளே இறங்கி ஸ்பிரிங்கோடு சேர்ந்து காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. பொத்தான் மேலே எழவே இல்லை. மெஷினைப் போட்டதும் டயல் ஆகிறது. கடை திறக்கிறது. மூடினால் மறுபடி திறக்கிறது. லைன் அறுந்தால் மறுபடி டயல் செய்கிறது. சத்தமும் கிடையாது. சத்தத்தை அடைத்தவனுக்குத்தான் பாராட்டெல்லாம் கிடைத்ததே.

அந்த எழுபத்தோராயிரத்தில் மனிதன் ஆசையோடு அழுத்தியது எவ்வளவு தேறும்? முந்நூறு இருக்கலாம்.

வரைந்தபோது அழகாக இருந்தது. சொல்லாவிட்டாலும் ஜனங்கள் அங்கேதான் வைத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். நடுவில், வட்டமாக, சிவப்பாக ஒன்று இருந்தால் நம் ஊரில் யார்தான் பொட்டு வைக்காமல் விடுவார்கள்?

நவம்பர் 7, செவ்வாய்

எம்.டி.யிடம் கீபோர்டைக் கொண்டுபோய் வைத்தேன். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"எத்தனை மெஷின்ல இப்படி?"

"நூத்தம்பது இருக்குமுங்க."

"தொடச்சுட்டா?"

"மறுபடி ஒரு நாளைக்குப் பத்து தடவைங்க. தொடைக்காம உட்டா அவிங்க போன் பில் எகிறுமுங்க. ஒவ்வொரு டயலுக்கும் காசுதானே."

காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டிசம்பர் எட்டாந்தேதி பெங்களூர்க்காரங்க வர்றாங்க. கையெழுத்து ஆகட்டும். ஒம்பதாந்தேதி நானே வண்டி எடுத்துட்டு வந்து ஒவ்வொரு வீடா தொடைக்கிறேன். கம்ப்ளெய்ன்ட் பண்ணுனவிங்களுக்கு மட்டும் இப்பச் சரி பண்ணிக் குடு. மத்தவிங்ககிட்ட வாயத் தொறக்காத. இருபத்தாறு குடும்பம், திருமூர்த்தி."

"சரிங்க" என்றேன். இருபத்தாறில் என் குடும்பமும் ஒன்று. அதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பர் 15, புதன்

வீட்டில் மூன்றாவது குக்கருக்குக் கேஸ்கெட் போய்விட்டது.

நவம்பர் 24, வெள்ளி

மதியம் நாச்சம்மாள் வந்திருந்தார். சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி. கையில் நாங்கள் அனுப்பிய அட்டை.

"போன் பண்ணியே சொல்லீருப்பனுங்க தம்பி. போனத்தான் புடுங்கீட்டாங்களே" என்றார்.

ஆயுத பூஜையிலிருந்து அவர் வீட்டு லைன் எந்நேரமும் எங்கேஜ். யார் கூப்பிட்டாலும் கிடைக்கவில்லை. டெலிபோன் ஆபீசில் கேட்டால், உங்கள் வீட்டிலிருந்துதான் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றார்களாம். பிறகு பில் வந்திருக்கிறது, ஒன்பதாயிரத்துச் சொச்சம். கட்ட முடியவில்லை, இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். கல்யாணத் தகவல் நிலையத்துக்கு போன் இல்லையென்றால் ஜாதகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான்.

"அது போனாப் போச்சாதுங்க. என்ர தங்கச்சி புள்ள கோகிலா, முப்பத்திரண்டு வயசு. ஏழு வருசமாப் பாத்து இப்பத்தான் பொள்ளாச்சில ஒரு எடம் பத்துப் பொருத்தமும் வந்துது. அவிங்க நாலு நாளாக் கூப்புட்டுப் பாத்திருக்காங்க. எங்கேஜு, எங்கேஜு. சம்மதமில்லாமத்தான் போன எடுத்துக் கீழ வெச்சுட்டாங்கன்னு நெனச்சுட்டு வேற எடம் முடிச்சுட்டாங்க." நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "மிஷின்ல எதாச்சும் கோளாறா இருக்குமுங்களா, தம்பி? நான் ஒண்ணுந் தப்பாத் தொடல. இந்தப் படத்துல இருக்கற மாதரயே வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை சந்தனம் வெச்சனுங்க."

நாளை வருவதாகச் சொல்லி அனுப்பினேன். வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் என்றால் ஏழு பொட்டு.

நவம்பர் 25, சனி

அவர் வீட்டில் பொத்தானைக் கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் சுரண்டினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. கோகிலாதான் வெந்நீர் கொண்டுவந்து வைத்தது. நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நாச்சம்மாள் காபி கொடுத்தார். அட்டை மேஜைமேல் கிடந்தது. தூசி அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 27, திங்கள்

எம்.டி. சென்னையில். காலையில் தபால் நிலையம் போய் நானூற்றுப் பன்னிரண்டு கார்டு வாங்கிவந்தேன். "சிவப்புப் பொத்தானில் சந்தனம் இறுகியிருந்தால் தானாக போன் டயல் ஆகும். உடனே போன் ஒயரைக் கழற்றவும். எங்கள் ஆள் வந்து இலவசமாகச் சரிசெய்வார்." இவ்வளவுதான் வாசகம். கையால் எழுத ஆரம்பித்தேன். நூர்ஜஹான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாதிக் கட்டைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

"எம்.டி.க்குத் தெரியுங்களா சார்?"

"தெரியாது. உனக்கும் தெரியாதுன்னு சொல்லிரு."

"என் கையெழுத்து அவருக்குத் தெரியுமே சார்" என்றாள். மாலை ஐந்து மணிக்குள் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டோம். போட்ட பிறகு பயம் வந்தது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு ஆட்டோ. ஆட்டோ பாதி நாள் ஓடாது.

டிசம்பர் 4, திங்கள்

கடை திறந்த கணக்கு: வியாழன் இரண்டாயிரத்து நானூறு. வெள்ளி எழுநூறு. சனி நூற்றுப் பத்து. நேற்று பதினாறு.

எம்.டி. கூப்பிட்டார். மேஜையில் நான் எழுதிய கார்டு ஒன்று. அவருடைய மாமனாரும் நம் வாடிக்கையாளர் என்பது மறந்துபோயிருந்தது.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "போ" என்றார். நாச்சம்மாள் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு மறுபடியும் "போ" என்றார்.

டிசம்பர் 8, வெள்ளி

பெங்களூரிலிருந்து கிரிதர் என்பவர் இரண்டு பேரோடு வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். தமிழ் சரளமாகப் பேசுகிறார். கணினியில் வரைந்த கோடு ஒன்றைக் காட்டினார். அக்டோபரில் மலை ஏறி, இரண்டு மாதம் உச்சியில் நடந்து, டிசம்பரில் கிணற்றில் விழுகிறது.

"இந்த வாரம் என்ன ஆச்சு சார்?"

எம்.டி. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"சந்தனமுங்க."

கிரிதர் சிரித்தார். எம்.டி. சிரிக்கவில்லை. கீபோர்டை எடுத்து மேஜையில் வைத்து, பொட்டு, ஸ்பிரிங், போன் பில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கார்டு கம்பெனி அனுப்பியது என்றும் சொன்னார். என் பெயரையோ நூர்ஜஹான் பெயரையோ எடுக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவர்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை வந்ததில்லை.

"அப்ப நிஜமா வாங்குனவங்க?"

"இதுவரைக்கும் நாலு பேருங்க. ஒண்ணு என் சம்சாரம். இன்னொண்ணு இவரு, குக்கர். மீதி ரெண்டு பேரு யாருன்னு தெரியலைங்க, அவிங்களக் கும்பிடணும்."

கிரிதர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தாழ்ந்த குரலில் சொன்னார்: "இதை நீங்க சொல்லியிருக்கவே வேண்டாம் சார். எங்களுக்குப் பணம் போடறவங்க கேக்கறது இந்த நம்பரைத்தான். வாங்குனாங்களான்னு யாரும் கேக்கறதில்லை. இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்காக வாங்கிவைத்த பிரியாணியை ஷெட்டில் எல்லோரும் பங்கிட்டுக்கொண்டோம். காரணம் தெரியாதவர்கள் ருசித்துச் சாப்பிட்டார்கள்.

டிசம்பர் 9, சனி

ஒன்பதாம் தேதி. எம்.டி. சொன்னபடியே வண்டி எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மடியில் ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில். பதினொரு வீடு முடித்தோம்.

டிசம்பர் 13, புதன்

மாத முடிவோடு ஒன்பது பேரை நிறுத்துகிறார்கள். புது மெஷின் தயாரிப்பு கிடையாது. இனி ரிப்பேரும் மில்களின் பராமரிப்பு ஒப்பந்தமும்தான். பட்டியலில் என் பெயர் இல்லை. நூர்ஜஹான் பெயர் இருந்தது. எம்.டி.யிடம் போய் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொன்னேன். "நீ போயிட்டா ஸ்பிரிங்கை யாரு சுரண்டுவா? ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுக்க எங்க இருக்குது?" என்று கேட்டார். "அப்படின்னா எனக்குப் பாதிச் சம்பளம் போதுங்க, மீதிய அவளுக்குக் குடுங்க" என்றேன். ஒரு நிமிடம் முறைத்துவிட்டு அப்படியே எழுதினார். விசாலத்திடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 16, சனி

நாச்சம்மாள் வீட்டு போன் பில்லை கம்பெனி கட்டிவிட்டது. லைன் வந்துவிட்டது. இன்று புதுக் கீபோர்டு கொண்டுபோனேன், சிவப்புப் பொத்தான் இல்லாத பழைய மாடல். மாட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கோகிலா உள்ளே யாரோ ஒருவருக்கு போனில் ஜாதக விவரம் சொல்லிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு தூசின்னு சொன்னது பொய்யிங்க. சந்தனத்தாலதான் அடைச்சுது. அந்த அட்டை அனுப்பச் சொன்னது நான். படம் வரைஞ்சதும் நான்தானுங்க."

"தெரியுந்தம்பி. மூலையில உங்க பேரெழுத்துப் போட்டிருக்கீங்களே. அதப் பாத்துட்டுத்தான் ரெண்டு பஸ் மாறி உங்களயே தேடி வந்தேன்."

அப்படியானால் தூசி என்று நான் சொன்ன அன்று, எல்லாம் தெரிந்தேதான் காபி கொடுத்திருக்கிறார். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். உள்ளே கோகிலாவின் குரல் நின்றுவிட்டது.

நாச்சம்மாள் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார்.

"பொட்டு வெச்ச எடம் சரிதாந் தம்பி. பொத்தான் வெச்ச எடந்தான் தப்பு."

புதுக் கீபோர்டின் மேல் பக்கம், நட்ட நடுவில், வெறும் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு பொட்டு வைத்தார். அது காயும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். இன்று காபி கொடுக்கவில்லை.